வயலும் மனையும்: திருவனந்தபுர மாவட்டத்தில் நில அனுமதி

தமிழகத்துச் சமவெளிக் கிராமங்களில் வீடுகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்க, வயல்கள் ஊருக்குப் புறத்தே பரந்து கிடக்கும். திருவனந்தபுர மாவட்டத்தின் அமைப்பு வேறு. அங்கே மேட்டு நிலத்தில் தென்னை, பலா, மிளகுக் கொடி ஆகியவற்றின் நடுவே வீடு தனித்து நிற்கும். இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் 'ஏலா' எனப்படும் நெல்வயல் நீண்டு செல்லும். ஓர் ஊர் எங்கே முடிந்தது என்று வெளியூரார் கூறுதல் அரிது.

தலைமுறைதோறும் பாகப்பிரிவினையால் மேட்டு நிலம் துண்டுபட்டது; மனை தேடுவோர் ஏலாவுக்குள் இறங்கினர். கேரளத்தில் 1974–75இல் ஏறக்குறைய 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு 2007–08இல் சுமார் 2.3 இலட்சமாகச் சுருங்கியது. வீடுகள் மட்டுமே இதற்குக் காரணமல்ல. தென்னையும் வாழையும் ரப்பரும் பெரும்பங்கைக் கொண்டன. ஆயினும் தென்னையை வெட்டி மீண்டும் நெல் விதைக்கலாம். மண் கொட்டி எழுப்பிய வீட்டை அகற்றுவார் யார்?

ஏலாவின் பணி நெல் விளைவிப்பதோடு முடிவதில்லை. மேட்டில் பெய்யும் மழை செம்புரைக்கல் அடுக்கின் வழியே கசிந்து பள்ளத்தை அடைகிறது. வயலில் தேங்கும் நீர் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்குகிறது. பள்ளத்தின் நடுவே ஒரு துண்டைத் தூர்த்தால் வாய்க்கால் அடைபடும். மேலைப்புற வயலில் நீர் தேங்கி அழுகும். கீழைப்புற வயல் காயும். அவ்விருவரும் பயிரைக் கைவிட்டு, பின்னர் நிலத்தையும் விற்க முற்படுவர். ஒருவரது மனை அயலாரது தரிசாகிறது.

இதனைத் தடுக்கவே 2008ஆம் ஆண்டில் கேரள நெல்வயல், நீர்த்தட நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சித் தலைவர் தலைமையில், வேளாண்மை அலுவலர், கிராம அலுவலர், மூன்று நெல் விவசாயிகள் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவை அது ஏற்படுத்தியது. உரிமையாளர் தாம் வசிப்பதற்கு ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை பரிந்துரைக்கலாம். மாவட்டத்தில் வேறு தகுந்த நிலம் அவர் குடும்பத்துக்கு இருத்தலாகாது. அடுத்த வயலின் சாகுபடிக்குக் கேடு நேரலாகாது. வெள்ளாயணி ஏரிக்கரையில் கல்லியூர் ஊராட்சியாகவும் புஞ்சக்கரி மாநகராட்சியாகவும் இருப்பதால், ஒரே ஏரியைச் சார்ந்த நிலங்களுக்கு இரு அளவுகள் பொருந்துகின்றன. தண்ணீருக்கு இவ்வெல்லை தெரியாது!

மறுப்பும் எளிதன்று. சொந்த ஊரில் மனை கிடைக்காத இளங்குடும்பம் நகருக்குப் பெயர்கிறது. பள்ளியில் பிள்ளைகளும் வயலில் கைகளும் குறைகின்றன. அனுமதியைத் தாராளமாக வழங்கினாலோ கிணறும் வயலும் குன்றி, எஞ்சுவது வெறும் வீட்டு வரிசையே. ஆகவே நிலத்தின் கிடக்கையைப் பார்த்தே விடை கூறல் வேண்டும். மேட்டை ஒட்டிய ஓரத்துத் துண்டும் பள்ளத்தின் நடுத்துண்டும் ஒன்றல்ல. நாற்புறமும் வயல் சூழ்ந்த நிலத்தைச் சட்டமே விலக்குகிறது. வயலைக் காப்பவருக்கு ஆண்டுதோறும் தொகை வழங்கும் திட்டம், தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ரூ.2,000 என்ற அளவில், 2020இல் தொடங்கியது. மனை விலைக்கு முன் அது சிறு தொகையே.

வயல்களின் சர்வே எண்களைக் கொண்ட 'தரவு வங்கி'யே இவ்வனைத்துக்கும் அடிப்படை. அதில் பிழை உண்டெனக் கருதப்படுமிடத்து, திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2008ஆம் ஆண்டு நிலைமையை ஒப்பிடுகின்றனர். களப்பணியாளர் மனுவைப் பரிசீலிக்குமுன், மழைக்காலத்தில் ஒருமுறை அவ்வேலாவின் தலைப்பிலிருந்து கடைமடைவரை நடந்து, நீர் செல்லும் வழியை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுதல் நலம். ஆசிரியர்கள் பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை மாணவர்களைக் கொண்டு மாதந்தோறும் அளந்து எழுதி வைக்கலாம். கயிறும் அளவுகோலும் போதும்.