ஓரிக்கு அடியில் இருக்கும் நாடு

அன்புள்ள தம்பி,

கொல்லிமலையிலுள்ள எடப்புளி நாட்டின் பழைய வரலாற்றை எழுதப் புகுவோர், அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியில் தொடங்குவது வழக்கம். சங்கப் பாடல்கள் அவன் புகழைச் சொல்கின்றன. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததையும் சொல்கின்றன. மலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது இதில் தெரிகிறது. அங்கே உழுதவர் யார், ஓடைத் தண்ணீரை யாரோடு பங்கிட்டார் என்பது தெரியவில்லை. அதற்கு நல்ல சான்று ஊர்ப்பெயரின் பின்பாதி: நாடு. சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்களின் தொகுப்பு; நிலமுடையோர் கூடிய அதன் சபை நாட்டார். அரசன் வகுத்த பிரிவல்ல அது, உழவு பெருகப் பெருகத் தானே திரண்டது என்று சோழநாட்டைப் பற்றிய தம் 1973ஆம் ஆண்டு நூலில் எ. சுப்பராயலு வாதிட்டார். சமவெளியில் அந்தப் பிரிவு பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. கொல்லிமலையிலோ வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, எடப்புளி நாடு என இன்றும் ஊராட்சிப் பெயராக வழங்குகிறது. பள்ளத்தில் நெல்லும் சரிவில் சாமையும் விளையும் மலையில், ஒரே பள்ளத்தை நம்பிய சிற்றூர்கள் ஒன்றாகத் திரள்வது இயல்புதானே.

'இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாமே? அண்ணன் தம்பி மூவர் மலைகளில் குடியேறியதாக அவர்களே கதை சொல்கிறார்களே, நாடு என்ற சொல்லும் அப்போது வந்ததாக இருக்கலாமே' என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியே வைத்துக்கொள்வோம். பச்சைமலையிலும் கல்வராயனிலும் ஜவ்வாதிலும் இதே போல நாடுகள் உண்டு. அப்படியானால் வந்தவர்கள் காட்டுக்குள் ஒளிய ஓடிய கூட்டமாக இருக்க முடியாது. உழவையும் அதற்கேற்ற ஊரமைப்பையும் கையோடு கொண்டுவந்தவர்கள். ஆனால் அந்தக் கதையை வைத்து, அதற்கு முன் மலை வெறுங்காடாகக் கிடந்தது என்று முடிவுகட்ட முடியாது. வளப்பூர் நாட்டு அறப்பள்ளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தேவாரத்திலும் அறப்பள்ளி பேசப்படுகிறது. கொடை கொடுக்கவும் விளக்கெரிக்கவும் ஆளில்லாத இடத்தில் கல்வெட்டு எதற்கு? குடியேற்றக் கதை மேலடுக்கைச் சொல்கிறது, அவ்வளவுதான். பெயர் மட்டும் காலத்தைக் காட்டாது என்று இன்னும் நீ மறுக்கலாம். உண்மைதான், அது ஆண்டைச் சொல்லாது, மக்கள் கூடி வாழ்ந்த முறையைச் சொல்லும். எனக்கு அதுவே பெரிது.

எடப்புளி நாட்டைப் பற்றி நீ எழுதும் கட்டுரையில் ஓரிக்கு ஒரு பத்தி போதும். மற்றப் பக்கங்களுக்கு, அங்கே எந்த ஓடை எந்த ஊர் வயலுக்குப் பாய்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்