பாக்ஜான் 5-ஆம் எண் கிணறு: ஒரு மெக்கானிக்கல் மாணவன் பார்வையில்



காட்டையும் காட்டு உயிர்களையும் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். "அதெல்லாம் பாட்டனி படிக்கிறவங்க சமாச்சாரம்பா, நமக்கென்ன?" என்று நம்ம வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் காடு இருக்கிறது, டால்பின் இருக்கிறது. ஆனால் கதை தொடங்குவது நாம் இரண்டாம் ஆண்டில் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில்.

அஸ்ஸாம் எண்ணெய்க்குப் பழைய ஊர். டிக்பாயில் 1889-லேயே எண்ணெய் எடுத்தார்கள். 1901-இல் சுத்திகரிப்பு ஆலையும் வந்துவிட்டது. அதே தின்சுகியா மாவட்டத்தில்தான் திப்ரு-சைகோவா தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 340 சதுர கிலோமீட்டர். பிரம்மபுத்திராவுக்கும் திப்ரு ஆற்றுக்கும் நடுவே சதுப்புக் காடும் புல்வெளியுமாகக் கிடக்கும் பூமி. அங்கே காட்டுக் குதிரைகள்கூட உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் என்பார்கள். பக்கத்திலேயே மாகுரி-மோட்டாபுங் என்ற பெரிய ஏரி. மீனவர்களுக்குச் சோறு போடும் ஏரி, பறவைகளுக்கும்தான்.

ஆயில் இந்தியா நிறுவனத்தின் பாக்ஜான் 5-ஆம் எண் கிணறு பூங்காவுக்குள் இல்லை, வெளியேதான் இருக்கிறது. ஆனால் எல்லைக்கு ஒரு கிலோமீட்டர்கூடத் தூரமில்லை. ஆழம் 3,800 மீட்டருக்கு மேல். இந்த ஆழத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம லேபில் மேனோமீட்டரை வைத்துப் படித்தோமே, திரவத் தூணின் அழுத்தம், அதேதான் இங்கேயும். 10 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 1 கிலோ/சதுர செ.மீ. அப்படியானால் 3,800 மீட்டர் தண்ணீர்த் தூண் அடியில் 380 கிலோ அழுத்தம் கொடுக்கும். பாறைக்குள் இருக்கும் வாயு அதைவிட அதிகமாகத் தள்ளினால் தண்ணீர் போதாது. பாரைட் தூளைக் கலந்து கனமான சேறு செய்து கிணற்றில் நிரப்புவார்கள். ரிக்கில் அதன் பெயர் 'மட்'. அடர்த்தியை 1.2 ஆக்கினால் அதே ஆழத்தில் 456 கிலோ கிடைக்கும். (அந்தப் பாரைட் நம்ம பக்கத்து மாநிலத்திலேயே, மங்கம்பேட்டையில், ஏராளமாகக் கிடைக்கிறது.)

இந்தத் திரவத் தூண்தான் முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு, கிணற்றின் வாயில் உட்காரும் புளோ அவுட் பிரிவென்டர். டன் கணக்கில் கனமான வால்வு அடுக்கு அது. ஹைட்ராலிக் அழுத்தத்தில் ஒரே மூச்சில் வாயை மூடிவிடும். உள்ளே ஒரு சின்ன வாயுக் குமிழி நுழைந்தால் என்னாகும்? பாயில் விதியைப் போடுங்கள். அடியில் ஒரு லிட்டராக இருந்தது, தடுப்பில்லாமல் மேலே வந்தால் ஏறத்தாழ 400 லிட்டராக ஊதிவிடும். அது மட்டை வெளியே தள்ளும், தூண் குட்டையாகும், அடி அழுத்தம் குறையும், இன்னும் வாயு நுழையும். நிமிஷக் கணக்கில் நடக்கிற விஷயம் இது.

2020 மே 27 அன்று பாக்ஜானில் 'வொர்க்ஓவர்' வேலை, அதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணற்றில் பராமரிப்பு. கீழ் அடுக்கைச் சிமெண்ட் பிளக்கால் அடைத்துவிட்டு மேல் அடுக்கிலிருந்து வாயு எடுப்பது திட்டம். பிரிவென்டரைக் கழற்றினார்கள். வாயு பீறிட்டது. இரண்டாவது தடுப்பு ஒன்று இருக்கிறது, அது சோதிக்கப்பட்டது என்று உறுதி செய்யாமலே பிரிவென்டரைக் கழற்றியதுதான் குறை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு பின்னால் சொன்னது.

நம்ம சீனியர் அண்ணன் ஒருவர் வேறொரு இடத்தில் ரிக்கில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "சிமெண்ட் போட்டா அது செட் ஆகுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும் தம்பி. ரிக் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும், எல்லார் கண்ணும் கடிகாரத்து மேலயே இருக்கும்" என்றார். ஸ்பேனரைப் பிடிக்கிற கை டிப்ளமோ படித்தவன் கைதான் என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஜூன் 9-ஆம் தேதி தீப்பிடித்தது. அதற்கு முன்னாலேயே இரண்டு வாரமாக வாயுவோடு சேர்ந்து வந்த 'கண்டன்சேட்' என்ற மெல்லிய எண்ணெய் மழை மாதிரி வயலிலும் தேயிலையிலும் புல்லிலும் ஏரியிலும் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் படலம் படிந்தால் காற்று கரையாது, மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கங்கை டால்பினுக்கோ கண் பார்வை அநேகமாகக் கிடையாது. ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டுத்தான் இரை தேடும். மூச்சு வாங்க மேலே வந்தால் எண்ணெய், கீழே போனால் ராப்பகலாகக் கிணற்றின் இரைச்சல். எங்கே போகும்? ஏரியில் ஒரு டால்பின் செத்து மிதந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள். நிறுவனத்தின் தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். செப்டம்பரில் அங்கே வேலை பார்த்த இளம் எலக்ட்ரிக்கல் எஞ்சினியர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். நம்மைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

எப்படி அடைத்தார்கள் என்பது தனிப் பாடம். சிங்கப்பூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். ஆகஸ்ட் மாதம் பெரும்பாடு பட்டு எரிகிற கிணற்றின் தலையில் புது பிரிவென்டரைப் பொருத்தினார்கள். ஆனால் பழைய கிணற்றின் தலை முழு அழுத்தத்தையும் தாங்கும் நிலையில் இல்லை. அதனால் வாயுவைப் பக்கவாட்டில் குழாய் வழியே கொண்டுபோய்க் குழியில் எரித்தார்கள். கடைசியில் கனடாவிலிருந்து 'ஸ்னப்பிங் யூனிட்' வந்தது. உள்ளேயிருந்து அழுத்தம் மேலே தள்ளத் தள்ள, ஹைட்ராலிக் ஜாக்கியால் குழாயைப் பிடித்து வலுக்கட்டாயமாகக் கீழே இறக்கும் யந்திரம் அது. குழாய் அடிக்குப் போனதும் அதன் வழியே கனமான திரவத்தைச் செலுத்தி, நவம்பர் 15 அன்று கிணற்றைக் கொன்றார்கள். மொத்தம் 172 நாட்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். விபத்துக்குச் சரியாக 16 நாள் முன்பு, மே 11-ஆம் தேதி, அதே நிறுவனத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அனுமதி கொடுத்திருந்தது: திப்ரு-சைகோவா பூங்காவின் அடியில் 7 இடங்களில் வாயு எடுக்கலாம், ஆனால் துளையை வெளியேயிருந்து போட்டு, வளைத்து, பூமிக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். தொழில்நுட்பம் பிரமாதம்தான், நான் மறுக்கவில்லை. ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம். ஆனால் கிணறு வெடிப்பது நுனியில் இல்லை, வாயில். வாய் ஏரிக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் இருந்தால் துளை எந்தப் பக்கம் வளைந்தால் என்ன? பாக்ஜான் கிணறும் வெளியேதானே இருந்தது!

இதே அனுமதி விஷயமாக 2017-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மாநிலப் பல்லுயிர் வாரியம் மூலம் அங்குள்ள உயிரினங்களுக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்ய வேண்டும் என்பது. அந்த ஆய்வு நடக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2020 டிசம்பரில் கௌஹாத்தி உயர்நீதிமன்றம் 7 இடங்களுக்கும் தடை விதித்தது. பாக்ஜானில் தீ அணைந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.