அத்திப்பழத்தைப் பிளந்து பாரு, தங்கச்சி

இஸ்ரேலுக்கு வீட்டு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிற பனவடலிசத்திரம் தங்கச்சிகளுக்கு, அங்கே வேலை பார்த்துத் திரும்பின அக்கா சொல்கிறேன். சம்பளம், விசா பற்றி ஏஜென்ட் சொல்லிவிடுவார். பழக்கூடை பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். சாவ்தா, அதாவது நீ பார்த்துக்கொள்ளப் போகிற பாட்டி, முதலில் முகம் சுளிக்கிறது அதைப் பார்த்துத்தான்.

யூதர்களின் சாப்பாட்டுச் சட்டமான கோஷர் என்றால் பன்றிக்கறி கூடாது, பாலும் கறியும் சேரக்கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்துப் போகாதே. பழம், கொட்டை, பருப்பு எல்லாமே தின்னலாம். உள்ளே இருக்கிற புழுவுக்குத்தான் தடை. அந்தத் தடை இருக்கிற லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் நம்ம பக்கத்துச் சர்ச்சுகளிலும் வாசிக்கிறதுதானே. வெறும் கண்ணுக்குத் தெரிகிற பூச்சிதான் கணக்கு, மைக்ராஸ்கோப் வேண்டாம். பூச்சி பொட்டு அண்டக்கூடாது என்று சங்கரன்கோவிலில் உரு வாங்கிப் போடுகிற ஊர்க்காரிக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இருப்பதிலேயே மோசம் காய்ந்த அத்தி. காம்புக்கு எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு கண் இருக்கும். அங்கிருந்து கீறி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார். உருண்டையாக, மஞ்சளாக இருப்பது விதை. வெள்ளையாக, நீளமாக, தலை மட்டும் பழுப்பாக இருந்தால் புழு. கல்லு மாதிரி இறுகிப் போயிருந்தால் கொஞ்ச நேரம் வெந்நீரில் போடு, பிரிக்க லேசாக இருக்கும்.

பேரீச்சையை நீளவாக்கில் பிளந்து, கொட்டை இருந்த குழியைப் பார். கரும்பொடி கிடந்தால் வண்டு குடியிருந்திருக்கிறது. கொட்டை எடுத்துக் கட்டியாக அமுக்கின பாக்கெட் மலிவுதான், ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. எனக்கு அது பிடிக்காது.

முந்திரியை இரண்டாகப் பிள. பாதாமில் துளை இருக்கிறதா பார். வால்நட் மடிப்புக்குள் நூலாம்படை மாதிரி இழை ஓடியிருந்தால், பருப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றால், வாங்காதே. பொடித்து விற்கிறதைவிட முழுசாக வாங்கி நீயே பொடிக்கலாம். வறுக்காத வெறும் பருப்புக்குப் பெரும்பாலும் கோஷர் முத்திரை கேட்க மாட்டார்கள். எண்ணெய், மசாலா போட்டு வறுத்ததற்கு முத்திரை இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்; அதே சட்டியில் வேறென்ன வறுத்தார்களோ!

அந்த நாட்டிலேயே விளைந்ததற்கு இன்னொரு கணக்கு. தசமபாகம் பிரித்த பிறகுதான் தின்ன வேண்டும். சான்றிதழ் மாட்டின கடையில் அவர்களே பிரித்திருப்பார்கள். ரோட்டோரத்தில் வாங்கினால் சாவ்தாவிடம் சொல்லிவிடு, பிரிக்கிறது அவர் வேலை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு என்று ஒரு சட்டமும் உண்டு. 2021-22-இல் வந்தது, அடுத்தது 2028-29. அந்த வருஷம் அவரைக் கேட்காமல் எதையும் வாங்காதே.

மரம் வைத்து முதல் மூன்று வருஷத்துக் காயைத் தொட மாட்டார்கள். நம்ம வாசல் பப்பாளி வருஷம் திரும்புவதற்குள் காய்த்துவிடுமே, அதை என்ன செய்வது? பாக்தாத் ரப்பி, அதாவது யூத மதகுரு, யோசேப் ஹாயிம் (1835–1909) இதற்காகவே உட்கார்ந்து யோசித்து, பப்பாளி மரக்கணக்கில் வராது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.

பார்க்கிற வேலையை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடி. ஓய்வுநாளில் நல்லதிலிருந்து கெட்டதைப் பொறுக்கிப் போடுவதும் வேலைதான், அது கூடாது. அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்து உலர்திராட்சை பொறுக்கினால் வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

வருஷத்திலேயே பெரிய வேலை மரங்களின் புத்தாண்டான தூ பிஷ்வாத்துக்குத்தான். தைப்பூசத்தை ஒட்டி வருகிற அதே பௌர்ணமி. 2024-இல் இரண்டுமே ஜனவரி 25. தட்டு நிறைய அத்தி, பேரீச்சை, பாதாம் என்று அடுக்குவார்கள். கடையில் சரக்கு புதுசாக இருக்கும்போதே வாங்கி, பார்த்து, ஃப்ரீஸரில் போட்டுவிடு.

சந்தேகமாக ஒன்று கண்ணில் பட்டால் நீயாக முடிவெடுக்காதே. கழுவிவிட்டு வைப்பதும் வேண்டாம், ஓசைப்படாமல் குப்பையில் போடுவதும் வேண்டாம். தட்டோடு கொண்டுபோய்க் காட்டு. ஒன்றில் இருந்தால் பாக்கெட் முழுக்கச் சந்தேகம் என்று அவர் ரப்பிக்குப் போன் போடுவார். பதில் வரும்வரை அதைத் தனியே வை, பழைய டப்பாவில் கொட்டிக் கலந்துவிடாதே.