துப்பாக்கிப் பட்டறைக்கு வரும் தம்பிகளுக்கு

ஏற்காட்டு எஸ்டேட் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன்.

1. முதலில் லைசென்ஸ். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்ய மட்டுமல்ல, பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் வேண்டும். அது இல்லாத பட்டறையில், தோட்டா அமரும் சேம்பரைக் குடையும் ரீமரைத் தொடாதீர்கள்.

2. போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை முன்னே போகவிடாமல் நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். பன்னிரண்டு போர் துப்பாக்கியிலும், இஷாப்பூர் .315 ரைஃபிளிலும் தோட்டாவின் அடிவிளிம்பு நிறுத்துகிறது. பழைய சேலம் மாவட்டக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரும் அந்த வகைதான். .30-06 போன்றவற்றில் விளிம்பு வெளியே நீளாது, தோள்தான் நிறுத்தும்.

3. தடுமாறுவது 'இம்ப்ரூவ்டு' சேம்பரில். அமெரிக்கக் கைவினைஞர் பி.ஓ. ஆக்லி தோட்டாவின் உடற்சரிவைக் குறைத்து, தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தினார். கம்பெனித் தோட்டாவை அதில் போட்டுச் சுட்டால், பித்தளை உப்பிப் புது வடிவம் எடுக்கும். உப்புவதற்கு முன் அதைப் பிடித்து நிறுத்துவது எது? கழுத்தும் தோளும் கூடும் மெல்லிய வளையம் மட்டுமே. அதனால்தான் ஹெட்ஸ்பேஸை வழக்கமான அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைத்து வைக்கிறார்கள். ஒரு வெள்ளைத்தாளின் கனம். போல்ட் மூடும்போது லேசாக இறுக வேண்டும். பழைய சேம்பருக்குள் புது ரீமரை விட்டால் போதும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாது; பேரலைப் பின்னுக்குத் தள்ளி அமைக்காவிட்டால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. விளிம்புத் தோட்டாவுக்கு இந்தக் கவலை இல்லை.

4. ஹெட்ஸ்பேஸ் கூடினால் தோட்டாவின் பித்தளை ஓடு அடிப்பக்கம் இழுபட்டு வளையமாக விரிசல் விடும். அறுந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு வரும். சுட்ட ஓட்டை எறியாதீர்கள். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த ரைஃபிளை ஒதுக்கி வையுங்கள்.

5. மலைப் பனிமூட்டத்தில் துரு ஏறும் என்று சேம்பரில் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். வைப்பது சரி. சுடும் முன் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் ஓடு சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் மோதும்.

6. ஹெட்ஸ்பேஸை அளக்கும் கேஜை வைக்கும்போது போல்ட்டின் முகத்தில் தூசி இருக்கக் கூடாது. இரண்டு விரலால் மூடுங்கள். பலம் கொடுத்தால் கேஜும் பொய் சொல்லும்.

ஹெட்ஸ்பேஸ் வரம்பைத் தாண்டிவிட்டதா என்று காட்டும் 'நோ-கோ' கேஜின் மேல் போல்ட் முழுதும் மூடிக்கொண்டால், கேட்பவர் எவ்வளவு பெரிய எஸ்டேட் முதலாளியானாலும், சுடலாம் என்று சொல்லி அந்தத் துப்பாக்கியைக் கொடுத்துவிடாதீர்கள்.