உலோகத்தை இணைக்கும் பற்றாசு

நுழையும் முன்

உலோகத் துண்டுகளை உருக்காமலே ஒன்றாக இணைக்கும் கலை மிகப் பழைமையானது. பொற்கொல்லர் பட்டறையில் வளர்ந்த அக்கலை, இன்று மாதிரி ஊர்திகள் செய்வோர்க்கும் பயன்படுகிறது. அதன் அடிப்படையை இப்பாடத்தில் அறிவோம்.

பற்றாசு என்பது யாது?

மாதிரி மகிழுந்து செய்வோர், அதன் சட்டகத்தையும் அச்சு தாங்கும் சிறு துண்டுகளையும் அலுமினியத்தால் அமைக்க விரும்புவர். ஒரே பருமனுள்ள எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையே உடையது. திருகாணி இட இயலாத அளவு சிறிய அத்துண்டுகளை எவ்வாறு இணைப்பது? அதற்கு உதவுவதே பற்றாசு.

இணைக்கப்படும் உலோகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் மற்றோர் உலோகமே பற்றாசு. அது உருகி, இரு துண்டுகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் தானே ஊடுருவும். குளிர்ந்ததும் இறுகிப் பிணைக்கும். 450 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகும் பற்றாசினால் இணைப்பதை ‘பிரேசிங்’ என்றும், அதற்குக் கீழ் உருகுவதால் இணைப்பதை ‘சால்டரிங்’ என்றும் தொழிற்கூடங்களில் வழங்குவர்.

அலுமினியத்தின் இரு தடைகள்

முதல் தடை கண்ணுக்குப் புலப்படாதது. காற்றுப் பட்ட அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் படிந்திருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; படலமோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். படலம் உள்ளவரை, பற்றாசு தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாது உருளும். எனவே மூட்டினைத் துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் தேய்த்து, உடனே இளக்கியைப் பூசுதல் வேண்டும். படலத்தைக் கரைப்பதும், அது மீண்டும் தோன்றாது காப்பதும் இளக்கியின் பணி.

பொற்கொல்லர்க்கு வெங்காரமே இளக்கி. இதனை வட இந்தியாவில் ‘சுகாகா’ என்பர். ஆனால், அலுமினியத்திற்கு அது உதவாது. வெங்காரம் முற்றும் உருக 743 டிகிரி வேண்டும்; அதற்குள் அலுமினியமே உருகிவிடும். ஆதலால் ஃபுளூரைடு சேர்ந்த தனி இளக்கியைப் பயன்படுத்துவர்.

இரண்டாம் தடை, அலுமினியம் எச்சரிக்கை தாராமை. இரும்பு காய்ந்தால் சிவக்கும். அலுமினியமோ சிவக்காமலே திடீரெனச் சரிந்து உருகும். பல நாள் உழைப்பில் உருவான துண்டு ஒரு நொடியில் பாழாகும். ஏறத்தாழ 12 விழுக்காடு சிலிக்கான் கலந்த அலுமினியப் பற்றாசு 580 டிகிரி அளவில் உருகும். தூய அலுமினியத்திற்கும் அதற்கும் இடையே 80 டிகிரியே வேறுபாடு. சில அலுமினியக் கலவைகள் 580 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். எனவே, துண்டு எக்கலவையால் ஆனது என அறிந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.

இளக்கி காட்டும் குறிப்பு

உலோகம் காட்டாத குறிப்பை இளக்கி காட்டும். அது 570 டிகிரி அளவில் உருகித் தெளிந்த நீர்போல் படரும். அப்பொழுது பற்றாசுக் கம்பியை மூட்டில் தொடுதல் வேண்டும். கம்பியைச் சுடரில் காட்டி உருக்கலாகாது; துண்டின் வெப்பமே அதனை உருக்க வேண்டும். தடித்த துண்டிற்கு மிகுதியாகவும் மெல்லிய துண்டிற்குக் குறைவாகவும் சுடரைக் காட்டுக. பற்றாசு இறுகும்வரை துண்டுகள் அசையலாகாது. ஆறிய பின் எஞ்சிய இளக்கியைத் தேய்த்துக் கழுவுக.

இப்பணியைப் பயிற்சி பெற்ற பெரியவர் உடனிருக்கும்போதே செய்தல் வேண்டும். கண்காப்புக் கண்ணாடியும் நல்ல காற்றோட்டமும் தேவை; இளக்கியின் புகை தீங்கு தரும். சுடும் அலுமினியமும் குளிர்ந்ததுபோலவே தோன்றும், வெறுங்கையால் தொடாதீர்.

மொழிச் செல்வம்

பொற்கொல்லர் பற்றாசுப் பொடியை மூட்டில் வைத்துக் குழலால் ஊதி இணைப்பர். உட்பொருளை மறைத்துப் பேசுவதைப் ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்பது இத்தொழிலை ஒட்டிய வழக்கு.

சொற்பொருள்

இளக்கி – உலோகப் பரப்பிலுள்ள ஆக்சைடை நீக்கும் பொருள்
மூட்டு – இரு துண்டுகள் சேருமிடம்
விழுக்காடு – நூற்றில் பங்கு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பொற்கொல்லர், வெறுங்கை.
2. அலுமினியத்தை இணைக்க வெங்காரம் உதவாதது ஏன்?
3. பற்றாசுக் கம்பியை மூட்டில் தொடும் தருணத்தை எவ்வாறு அறியலாம்?
4. ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் தொடரை வாக்கியத்தில் அமைக்க. உங்கள் நகரில் வழங்கும் மொழியில் அதற்கு ஒத்த தொடர் உண்டா எனக் கேட்டறிந்து எழுதுக.