சகரியா கேட்டு வாங்கிய எழுத்துப்பலகை

வேதபாடம்: லூக்கா 1:57-64

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

நமது மருத்துவமனையைச் சேர்ந்த பகல்நேரப் பயிற்சி இல்லத்தைப் பார்க்க வரும் சபையார் எங்களிடம் முதலாவது கேட்கும் கேள்வி, "இந்தப் பிள்ளை எப்போது பேசும்?" என்பதே. அன்பினால்தான் கேட்கிறார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றோடு வாழும் பிள்ளைகளின் தாய்மாரும் இதையே கண்ணீரோடு ஜெபத்தில் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தன் மனதிலுள்ளதைத் தெரிவிக்க இன்றைக்கு இந்தப் பிள்ளைக்கு என்ன வழி இருக்கிறது? இந்த மடலின் வேதபாடம் அதைப் பற்றியது.

1. பகுதியைக் கவனிப்போம்

குழந்தை பிறந்து எட்டாம் நாள். இனத்தாரும் அயலகத்தாரும் சகரியாவின் வீட்டில் கூடியிருக்கிறார்கள். தகப்பன் அங்கேதான் இருக்கிறான். ஆனாலும் குழந்தைக்கு என்ன பெயர் என்பதைச் சுற்றியிருந்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எலிசபெத்து மறுத்துச் சொன்னபோதும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவன் ஒரு எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி, யோவான் என்ற பெயரை எழுதிக் காட்டுகிறான். எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். அதன்பின்பே அவனுடைய வாய் திறக்கிறது.

இந்த வரிசை முக்கியம். முதலில் பலகை; பேச்சு பிற்பாடு. பேசாதிருந்த மாதங்களிலெல்லாம் சகரியாவுக்கு எண்ணமும் விருப்பமும் இருந்தன. அவற்றை வெளியே கொண்டுவர வழி கிடைத்தவுடன், வீட்டார் செய்த முடிவே மாறிப்போயிற்று.

இங்கே ஒரு எச்சரிப்பும் தேவை. சகரியா ஊமையானதற்குத் தேவதூதன் ஒரு காரணம் சொன்னான். அந்தக் காரணத்தை எடுத்து நம் வீட்டுப் பிள்ளைகள் மேல் வைக்க நமக்கு அதிகாரமில்லை. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது, அவனையும் அவனைப் பெற்றவர்களையும் குற்றப்படுத்த ஆண்டவர் மறுத்தார். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. மூளை முடக்குவாதம் வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பினால் வருவது. எந்தத் தாயையும் பார்த்து, "என்ன பாவம் செய்தாளோ" என்று சபையில் ஒருவரும் பேசாதிருப்பார்களாக.

2. பலகை இல்லாவிட்டால் உடம்பு பேசும்

வார்த்தையும் இல்லை, வேறு வழியும் இல்லை என்றால் மனிதன் சும்மா இருப்பதில்லை. தலையில் அடித்துக்கொள்வான், கையைக் கடிப்பான், தட்டை வீசுவான், ஓடுவான். அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டிற்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளை அவர்கள் கவனித்தார்கள். வேலை கடினமாகும்போதோ, பெரியவர்களின் கவனிப்பு குறையும்போதோ அந்தப் பிள்ளைகள் முரண்டு பிடித்தார்கள். உதவி கேட்கவும், கவனிப்பைக் கேட்கவும் சிறு வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தபோது முரண்டு வெகுவாய்க் குறைந்தது. அதுவரை அந்த முரண்டே அவர்களுடைய மொழியாயிருந்தது.

எங்கள் மருத்துவமனைக்கு 22 வயதுள்ள வாலிபர் ஒருவரை அவருடைய தாயார் கூட்டிவந்தார். கன்னத்தில் விடாமல் அடித்துக்கொள்கிறார் என்று கைகளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். மந்திரவாதியிடமும் போய் வந்தாயிற்று. பல் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்த பிறகு அடித்துக்கொள்வது நின்றது. அதோடு நாங்கள் அவரை அனுப்பிவிடவில்லை. ஒரு ஆளின் உருவம் வரைந்த அட்டையைக் கொடுத்து, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டப் பழக்கினோம். அதற்குப் பல மாதங்கள் பிடித்தது. ஒருநாள் காலையில் அவராகவே அட்டையை எடுத்துவந்து வயிற்றின்மேல் விரலை வைத்தார். தாயார் அன்றைக்குத்தான் அழுதார்.

3. பலகையைக் கொடுப்பது எப்படி?

நாங்கள் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவர் 1985இல் இதை உருவாக்கினார்கள். பிள்ளைக்கு முன்னால் ஒருவர் முறுக்கோடு உட்காருவார், பின்னால் இன்னொருவர். "என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை முறுக்கை நோக்கிக் கை நீட்டும்போது, பின்னாலிருப்பவர் வாய் பேசாமல் அந்தக் கையைப் பிடித்து, முறுக்குப் படத்தை எடுத்து முன்னாலிருப்பவர் கையில் வைக்க உதவுவார். படம் கைக்கு வந்ததும் முறுக்கு கிடைத்துவிடும். பின்னாலிருந்து வரும் உதவியை நாளுக்கு நாள் குறைப்போம். நான் கேட்டால் ஒருவர் கவனிக்கிறார் என்று பிள்ளை அறிந்துகொள்வதே இதில் முதல் பாடம்.

இரண்டாவது, தெரிந்துகொள்ளும் உரிமை. இரண்டு சட்டைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்போம். பெரும்பாலான வீடுகளில் மூன்று எண்ணுவதற்குள் பெரியவர்களே எடுத்து மாட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பிறரோடு பழகுவது. வணக்கம் சொல்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, பேருந்தில் இடம் கேட்பது ஆகிய ஒவ்வொன்றையும் சிறு படிகளாகப் பிரித்து, நடித்துக் காட்டி, பிறகு நிஜமான கடைத்தெருவிலேயே பழக்குகிறோம். யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாருக்குக் கைகொடுக்கலாம், யாருக்குக் கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னால் போதும் என்பதையும் கற்பிக்கிறோம்.

படமும் சைகையும் கொடுத்தால் வருகிற பேச்சும் நின்றுபோகும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். 2006இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, நல்ல கட்டுப்பாட்டோடு நடந்த ஆய்வுகளிலிருந்து 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்கு, பெரும்பாலும் சிறிதளவே ஆனாலும், கூடியிருந்தது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் (2016) தகவல் தொடர்பு என்பதில் சைகைகளையும், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் முறைகளையும் சேர்த்தே சொல்லுகிறது.

4. எழுதினதை ஏற்றுக்கொள்வது

சகரியா எழுதிக் காட்டியபின் உறவினர் வேறு பெயரை வைக்கவில்லை. நமக்குக் கடினமான பகுதி இதுதான். நாம் மெச்சிக்கொள்வது சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையை. ஆனால் கீழ்ப்படிய மட்டுமே கற்ற ஒரு பெண்பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கும் கீழ்ப்படிவாள். ஆகவே "வேண்டாம்" என்ற அட்டையை நாங்கள் ஆரம்பத்திலேயே கொடுக்கிறோம். கொடுத்துவிட்டால் அதை மதிக்கவும் வேண்டும். பார்வையாளர் நாளில் ஒரு மாணவி அந்த அட்டையை எடுத்துக் காட்டினால், அவள் பாடமாட்டாள். பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாயிருக்கலாம். ஆனால் உங்கள் காணிக்கை என்ன செய்கிறது என்பதை நீங்கள் அன்றைக்குத்தான் நேரில் கண்டீர்கள்.

எல்லா "வேண்டாம்"களுக்கும் இணங்க முடியாது. ஊசி போட்டே ஆகவேண்டிய வேளை உண்டு. அப்போதும், வேண்டாம் என்று சொன்னது எங்களுக்குப் புரிந்தது என்று காட்டி, காரணத்தைச் சொல்லி, எந்தக் கையில் போடலாம் என்பதையாவது அவர்களிடமே கேட்கிறோம்.

5. சபையார் செய்யக்கூடியவை

எங்களிடம் வரும் தாய்மாரின் பெரும் பாரம், "எங்களுக்குப் பிறகு யார்?" என்பதே. பிள்ளையின் சத்தத்துக்கு அர்த்தம் தாய்க்கு மட்டும் தெரிந்திருந்தால், தாய் கண்மூடும் நாளில் பிள்ளை தாயையும் இழக்கும், தன் மொழியையும் இழக்கும். அந்த மொழி தெரிந்தவர்கள் தெருவிலும் சபையிலும் பெருகவேண்டும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

ஆராதனைக்கு வரும் அப்படிப்பட்டவரிடம் நேராகவே பேசுங்கள், பக்கத்திலிருக்கும் தாயிடம் "இவனுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதிருங்கள். 30 வயதானவரைப் பாப்பா என்றும் தம்பி என்றும் கூப்பிடாமல், அந்த வயதுக்குரிய மரியாதை கொடுங்கள். கேள்வி கேட்டால் பத்து எண்ணும்வரை பொறுத்திருங்கள். அவர் பயன்படுத்தும் ஐந்து சைகைகளைத் தாயிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் காணிக்கையில் அட்டைகளுக்கும் பசைக்கும் ஆகும் செலவு கொஞ்சமே. பழைய நாட்காட்டிப் படங்களே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு பிள்ளையின் கையை ஒருவர் பிடித்து, இன்னொருவர் எதிரே காத்திருந்து, மாதக்கணக்காய் அதையே செய்யும் ஊழியரின் நேரத்துக்கே பெரும் பங்கு போகிறது. அந்தப் பொறுமையைத் தாங்குகிறவர்கள் நீங்கள்.

சிந்திக்க:
1. நம் வீட்டில் யாருடைய முடிவை அவரைக் கேளாமலே நாம் எடுக்கிறோம்?
2. பேசமுடியாத ஒருவர் நம் சபையில் "வேண்டாம்" என்று தெரிவிக்க என்ன வழி இருக்கிறது?

ஜெபிக்க:
1. பிள்ளைகளின் பதிலுக்குக் காத்திருக்கும் பயிற்சியாளர்களின் சரீர பெலனுக்காக.
2. தங்களுக்குப் பின் பிள்ளைகளின் நிலை என்னவோ என்று கலங்கும் வயதான பெற்றோருக்காக.
3. இன்னும் பலகை கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளுக்காக.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்