வலைத்தேடலில் செயற்கை நுண்ணறிவை அறியும் முறை

பயிரில் விழுந்த நோயைப் படம் பிடித்துக் காட்டினால் கைபேசியே மருந்து சொல்லிவிடுமாமே என்று பாகூர், வில்லியனூர் பகுதி விவசாயிகள் பலர் இப்போது கேட்கின்றனர். சொல்லும் என்பது உண்மையே. ஆனால், அது எதை வைத்துச் சொல்கிறது என்று தெரியாமல் நேரே மருந்துக் கடைக்குச் சென்றால், பணத்தோடு பயிரும் போய்விடக்கூடும். இதைக் கற்க வகுப்புக்குச் செல்ல வேண்டியதில்லை. கைபேசியில் தேடும் வசதியைக் கொண்டே விவசாயிகள் தாமாகக் கற்றுக்கொள்ளலாம்.

வலைத்தளத்திலிருந்து செய்தி பெறுவது புதுவைக்குப் புதிதன்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டிலேயே வில்லியனூரை நடுவமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வெளியான அலை உயர விவரம் எடுக்கப்பட்டு, மீனவர்களுக்கு ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நல்லவாடு மக்களை எச்சரித்ததும் இத்தகைய மையத்தின் ஒலிபெருக்கியே. அந்த ஏற்பாட்டில் முக்கியமான அம்சம் கம்ப்யூட்டர் அன்று. வந்த செய்தியைப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள், அவர்களில் பெண்கள் பலர், ஊருக்கு ஏற்றபடி தமிழில் எடுத்துச் சொன்னார்கள். இன்று கைபேசியில் அந்த நடு ஆள் இல்லை. பதரைத் தூற்றி நெல்லை எடுக்கும் வேலை விவசாயியிடமே வந்து சேர்ந்துள்ளது.

இயந்திரம் கற்கும் விதம்

செயற்கை நுண்ணறிவு என்பது பெயரளவில்தான் அறிவு. இலைச்சுருட்டுப்புழு தாக்கிய இலை இது, குருத்துப்பூச்சி தாக்கிய தூர் இது என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களை இயந்திரத்துக்குக் காட்டுகின்றனர். அவற்றில் உள்ள நிறம், கோடு, புள்ளி ஆகியவற்றின் ஒற்றுமையை அது பிடித்துக்கொள்கிறது. புதிய படம் வந்தால், முன்பு கண்டவற்றில் எதற்கு மிக நெருங்கியது என்று கணித்துச் சொல்கிறது.

இதில் இடர்ப்பாடு உண்டு. நெற்பயிர் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். துங்ரோ நச்சுயிரி நோயாகவும் இருக்கலாம். தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த அடி இலைகள் முதலில் வெளுக்கும். துங்ரோவில் இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் இறங்கும், பயிர் குட்டையாகும். ஒரே ஓர் இலையைப் படம் எடுத்தால் இந்த வேறுபாடு தெரியாது. துங்ரோவைத் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இட்டால் நோய் தீராது. நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். எனவே படம் எடுக்கும்போது முழுத் தூர், இலையின் அடிப்புறம், வயலின் பரவல் மூன்றையும் எடுக்க வேண்டும்.

எப்படித் தேடுவது?

“செயற்கை நுண்ணறிவு” என்று மட்டும் தேடினால் ரோபோ படமும் பங்குச்சந்தைச் செய்தியுமாக வந்து குவியும். “செயற்கை நுண்ணறிவு நெல் பூச்சி கண்டறிதல்” என்று பயிரையும் தேவையையும் சேர்த்துத் தேட வேண்டும். எழுதச் சிரமப்படுவோர் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழிலேயே பேசலாம். பக்கத்தின் மேற்பகுதியில் “ஸ்பான்சர்ட்” என்ற சிறு சொல்லுடன் வருபவை காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, முகவரி “கவ்.இன்” அல்லது “ஏசி.இன்” என்று முடியும் அரசு, கல்லூரித் தளங்களை முதலில் திறப்பது நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தமிழிலேயே பயிர்வாரியாகச் செய்தி உள்ளது.

இப்போது தேடினால் பல சமயம் இயந்திரமே தொகுத்து எழுதிய விடை முதலில் வந்து நிற்கிறது. படிக்கச் சுகமாக இருக்கும், அதுவே ஆபத்து. வலையில் கிடக்கும் பழையதும் புதியதும் கலந்து, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோத்த வாக்கியங்கள் அவை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் தடை செய்தது. போரேட் குருணை மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. ஆயினும் அவற்றைப் பரிந்துரைத்த பழைய கட்டுரைகள் வலையில் இன்னும் இருக்கின்றன. ஆகவே மருந்தின் பெயரையோ அளவையோ இயந்திர விடையிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. விடையின் கீழுள்ள மூலப் பக்கத்தைத் திறந்து, எந்த ஆண்டு எழுதியது என்று பார்க்க வேண்டும். பிறகு மருந்துப் புட்டியின் சீட்டில் அந்தப் பயிரும் அளவும் உள்ளனவா என்று ஒப்பிட வேண்டும்.

இயந்திரத்தைச் சோதிக்க எளிய வழி, நமக்கு நன்கு தெரிந்ததைக் கேட்பதே. வெள்ளைப் பொன்னியின் வயது 135 முதல் 140 நாள் என்று நடவு செய்தவர்களுக்குத் தெரியும். அதைக் கேளுங்கள். சொல்லை மாற்றி மறுமுறையும் கேளுங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால், தெரியாத விஷயத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் உதவித்தொகை என்று வரும் “ஏ.பி.கே.” கோப்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றின் வழியே வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நடக்கிறது.

சந்தேகம் தீராவிடில், நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கிப் பாலித்தீன் பையில் இட்டுக் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்லலாம். கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்போது ரகம், விதைத்த தேதி, கடைசியாக இட்ட உரம், தெளித்த மருந்து ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளவும்.